அச்சுப் படத்தைத் திரையில் காட்டுதல்

நுழையும்முன்

தமிழ்நாட்டிலிருந்து வந்து தில்லியில் வாழும் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பழைய தொகுப்பு இருக்கும். வார இதழில் வந்த தொடர்கதையின் பக்கங்களைக் கிழியாமல் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, தைத்து, அட்டை போட்டு வைத்த தொகுப்பு அது. பாட்டியோ பெரியம்மாவோ தொகுத்தது. டிரங்குப் பெட்டியில் ரயிலேறி வந்தது. இப்பொழுது பெட்டிக் கட்டிலுக்குள், குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் இருக்கிறது. அதை ஒருவர் வகுப்பிற்குக் கொண்டுவந்தால் பதினைந்து மாணவர்களும் ஒரே நேரத்தில் காண வேண்டும். படம் தெளிவாகத் தெரிய வேண்டும், தாளும் சிதையக்கூடாது. அதற்கு எந்தக் கருவி ஏற்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இருவகைப் படங்கள்

தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, மெல்லியதாக்கி, வண்ணம் தீட்டிப் பாவைகள் செய்வர். வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, அதன் பின்னே பாவையை ஆட்டுவர். பாவைக்கும் பின்னே விளக்கு எரியும். ஒளி தோலை ஊடுருவி வருவதால் இராமனின் பச்சையும் இராவணனின் சிவப்பும் திரையில் ஒளிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. அவை சுவரில் தீட்டப்பட்டவை. சுவருக்குப் பின்னே விளக்கு வைத்துப் பயனில்லை. முன்னே நின்று ஒளியை ஓவியத்தின்மேல் விழச்செய்ய வேண்டும். அங்கிருந்து திரும்பி வரும் ஒளியே நம் கண்ணுக்குப் படமாகிறது.

முதலாவது ஊடுருவும் ஒளியால் தெரியும் படம். இரண்டாவது எதிரொளிக்கும் ஒளியால் தெரியும் படம். புத்தகம், நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், வார இதழ் ஆகிய அச்சுப் பொருள்கள் அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கருவியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் எல்லா இடர்ப்பாடுகளுக்கும் இந்த வேறுபாடே வேர்.

திரையில் படம் காட்டிய வரலாற்றைப் பார்த்தால், முன்னோர் பெரும்பாலும் முதல் வகையையே கையாண்டனர் என்பது விளங்கும். டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டளவில் அமைத்த மாய விளக்கில், கண்ணாடித் தகட்டில் வரைந்த உருவம் லென்ஸ் வழியாகச் சுவரில் பெரிதாக விழுந்தது. நம் நாட்டில், மும்பையை அடுத்த கல்யாணைச் சேர்ந்த மகாதேவ் பட்வர்தனும் அவருடைய மக்களும் 1892ஆம் ஆண்டு முதல், கண்ணாடித் தகடுகளில் இதிகாசக் காட்சிகளைக் கையால் தீட்டிக் கதையும் பாட்டுமாகக் காட்டினர். அக்காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'சாம்பரிக் கரோலிகா'. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரைப்படக் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, ஊர்ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கண்ணாடித் தகடாயினும் படச்சுருளாயினும் ஒளி அவற்றின் ஊடே சென்றது. அச்சிட்ட தாளை இக்கருவிகளில் நுழைத்தால் திரையில் கரிய நிழல்தான் விழும்.

எபிடயாஸ்கோப்

அச்சுத்தாளுக்கென்றே ஒரு கருவி பின்னர் வந்தது. அதன் அடிப்படையை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கணிதமேதை லியோனார்ட் ஆய்லர் வகுத்தார். ஒளிபுகாப் பொருளின்மேல் கடுமையான ஒளியைப் பாய்ச்சி, அது திருப்பியனுப்பும் ஒளியை லென்சால் திரட்டித் திரைக்கு அனுப்புவதே அம்முறை. அதிலிருந்து வளர்ந்தது எபிடயாஸ்கோப். கிரேக்க மொழியில் 'எபி' என்பது மேலே, 'டயா' என்பது ஊடே எனப் பொருள்படும். தாளின் மேற்பரப்பையும் காட்டும், கண்ணாடித் தகட்டின் ஊடேயும் காட்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. உள்ளே ஒரு சமதள ஆடியும் உண்டு. அந்த ஆடி இல்லையேல் எழுத்துகள் இடவலம் மாறித் திரையில் விழும். தமிழை வலமிருந்து இடமாகப் படிக்க நேரும்!

தில்லியில் 1959ஆம் ஆண்டு தேசியக் காட்சி-கேள்விக் கல்வி நிறுவனம் நிறுவப்பட்டது. 1961இல் என்.சி.இ.ஆர்.டி. உருவானபோது அந்நிறுவனம் அதனுடன் இணைக்கப்பட்டது. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் எபிடயாஸ்கோப் தவறாமல் இடம்பெற்ற காலம் ஒன்று உண்டு. படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் பெற்றவர்கள் எங்கள் தலைமுறையில் பலர். இன்றும் சில பழைய கல்லூரிகளின் ஆய்வகங்களில் அக்கருவி துணி போர்த்தி நிற்கக் காணலாம். பழைய பொருள் விற்போரிடமும் கிடைக்கும். புத்தகத்தை அப்படியே வைத்தால் போதும், கணினி வேண்டா, கம்பி இணைப்பு வேண்டா என்பதால் அதன்மீது ஆசை எழுவது இயல்பு. வாங்குமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

500 வாட் ஹாலஜன் விளக்கு ஏறத்தாழ 10,000 லூமென் ஒளி தரும். அதில் பாதி தாளின்மேல் விழுவதாகக் கொள்வோம். வெள்ளைத்தாள் அந்த 5,000 லூமெனில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். ஆனால் எல்லாத் திசைகளிலும் சிதறியனுப்பும். சிதறிய ஒளியில் லென்சின் வாய்க்குள் நுழைவது நூற்றில் இரண்டு பங்கு என வைத்துக்கொண்டால், திரைக்குப் போவது 100 லூமென் மட்டுமே. திரை 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உடையது எனில் அதன் பரப்பு 3 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைப்பது 33 லூமென், அதாவது 33 லக்ஸ். விளக்கெரியும் வகுப்பறையில் மேசைமேல் விழும் ஒளியே ஏறத்தாழ 300 லக்ஸ் இருக்கும். எனவே அறையை முற்றிலும் இருட்டாக்கினாலன்றிப் படம் தெரியாது.

இருட்டாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பயிற்சி ஏட்டில் எழுத முடியாது என்பது முதல் குறை. ஏப்ரல் மாதத் தில்லியில் சன்னல்களை மூடித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, 500 வாட் விளக்கையும் எரியவிட்டால் அறையில் இருப்போர் நிலை என்னாகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். இவற்றினும் பெரிய குறை, விளக்கின் வெப்பம் தாளைத் தாக்குவது. கருவிக்குள் விசிறியும் வெப்பம் தடுக்கும் கண்ணாடியும் இருப்பினும், ஒரே பக்கத்தை நெடுநேரம் வைத்திருந்தால் தாள் சூடேறி வளையும். போதாக்குறைக்கு, புத்தகத்தைக் கருவியின் அடித்தட்டில் வைத்துக் கண்ணாடியோடு அழுத்தவும் வேண்டும். பாட்டி தைத்த தொகுப்பின் முதுகு அவ்வழுத்தத்தைத் தாங்காது.

ஓவர்ஹெட் புரொஜெக்டரைப் பற்றி இங்கு ஒரு வரி போதும். அது ஒளிபுகும் தாளுக்கானது. அச்சுப் பக்கத்தை முதலில் ஒளிபுகும் தாளில் படியெடுத்தாக வேண்டும்.

இரண்டு விளக்குகள்

எபிடயாஸ்கோப்பில் ஒரே விளக்கு இரு வேலைகளைச் செய்கிறது. தாளையும் அதுவே ஒளியேற்ற வேண்டும், திரையையும் அதுவே நிரப்ப வேண்டும். 21 செ.மீ. அகலமுள்ள ஏ4 தாளைத் திரையில் 210 செ.மீ. அகலமாக்கினால் நீளத்திலும் அகலத்திலும் பத்து மடங்கு. பரப்பில் நூறு மடங்கு. கிடைத்த ஒளி நூறு மடங்கு பரப்பில் பரவுகிறது. திரை ஒளிபெற வேண்டுமென்றால் தாளைச் சுட்டெரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஆவணக் கேமரா. ஒரு தண்டின் உச்சியில் சிறு கேமரா கீழ்நோக்கி இருக்கும். புத்தகம் மேசைமேல் விரித்தபடி கிடக்கும். கேமரா காணும் காட்சி கம்பி வழியாகப் படவீழ்த்திக்குச் செல்ல, படவீழ்த்தி தன் சொந்த விளக்கால் திரையை ஒளிரச்செய்யும். தாளைக் காண ஒரு சிறு விளக்கு. திரைக்கு வேறொரு பெரிய விளக்கு. தாளின்மேல் சாதாரண மேசைவிளக்கின் ஒளி விழுந்தாலே போதும். வகுப்பறைப் படவீழ்த்தி 3,000 லூமென் தருவதாயின், முன் சொன்ன அதே திரையில் 1,000 லக்ஸ் விழும். அறையின் விளக்குகளில் முன்வரிசையை மட்டும் அணைத்தால் படமும் தெரியும், ஏட்டில் எழுதவும் இயலும்.

கடைகளில் உள்ளங்கை அளவான படவீழ்த்திகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் பெட்டிமேல் பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 'அன்சி லூமென்' என்னும் அளவு தனியே குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். குறிக்கப்படாத எண்ணை நம்பிப் பணம் கொடுக்கலாகாது என்பது என் கருத்து.

தமிழ் எழுத்துக்கு எத்தனை பிக்சல்?

இனி நம் மொழிக்கே உரிய ஒரு கேள்வி. பள்ளிகளில் உள்ள பழைய படவீழ்த்திகள் பல, குறுக்கே 1024, நெடுக்கே 768 பிக்சல்கள் கொண்டவை. ஏ4 பக்கம் ஒன்றை முழுமையாக நிமிர்த்திக் காட்டினால் அதன் 29.7 செ.மீ. உயரம் 768 பிக்சல்களுக்குள் அடங்க வேண்டும். ஒரு செ.மீட்டருக்கு ஏறத்தாழ 26 பிக்சல். 3 மி.மீ. உயரமுள்ள ஓர் எழுத்திற்குக் கிடைப்பவை எட்டு. மெய்யெழுத்தின் புள்ளி அரை மி.மீ. அளவே இருக்குமாதலால் அதற்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

விளைவு என்ன? புள்ளி மங்கிப்போகும். 'பல்' என்று அச்சிட்டது திரையில் 'பல' என்று தோன்றும். இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் ஒன்றுபோலத் தெரியும். தமிழை வீட்டிலேயே பேசிப் பள்ளியில்தான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய மாணவருக்கு இது சிறு குறை அன்று. சரளமாகப் படிப்பவர் விடுபட்ட புள்ளியைத் தம் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வார். புதிதாகப் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் அமையவில்லை. அவர் திரையில் உள்ளதையே படிப்பார், படித்ததையே நினைவில் கொள்வார்.

ஆகவே முழுப் பக்கத்தையும் எப்போதும் காட்ட வேண்டும் என்னும் எண்ணத்தை விட்டுவிடலாம். முதலில் முழுப் பக்கம். படம் எங்கே, கதை எங்கே என்று கண் அறிந்துகொள்ளட்டும். பின்பு அரைப் பக்கத்தை நெருங்கிக் காட்டினால் அதே எழுத்திற்குப் பதினாறு பிக்சல் கிடைக்கும், புள்ளியும் பிழைத்துக்கொள்ளும்.

நெருங்கிக் காட்டும்போதுதான் கேமராவின் தரம் வெளிப்படும். 2 மெகாபிக்சல் கேமராவில் முழுப் பக்கத்திலிருந்து ஒன்றரை மடங்கு வரை நெருங்கலாம். 8 மெகாபிக்சல் கேமராவில் மூன்று மடங்கு வரை தெளிவு குறையாது. அதற்குமேல் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில் நமக்கு ஊதியமில்லை. படவீழ்த்தியின் 768 வரிகள் அப்படியேதான் இருக்கும்.

படங்களுக்கும் இது பொருந்தும். 1950ஆம் ஆண்டு 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை வெளிவரத் தொடங்கியபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம். 'ஆனந்த விகட'னில் கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியங்களாக வரைந்தவர் சில்பி. சில்பியின் ஓவியத்தில் ஒரு தூணின் மாலை, அணிகலன், விரல் நகம் யாவும் மெல்லிய பேனாக் கோடுகளால் ஆனவை. முழுப் பக்கமாகத் திரையில் போட்டால் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறமாகிவிடும். பகுதி பகுதியாக நெருங்கிச் சென்றால், கையில் வைத்துப் பார்க்கும்போது தவறவிட்ட கோடும் தெரியும்.

புகைப்படம் அச்சிட்ட பக்கத்தை நெருங்கினால் மற்றொரு விந்தையைக் காண்பீர்கள். அச்சுப்படம் நுண்ணிய மைப்புள்ளிகளால் ஆனது. கேமராவின் பிக்சல் வரிசையும் மைப்புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, படத்தில் இல்லாத அலையலையான கோடுகள் திரையில் தோன்றும். கருவி பழுதென்று அஞ்ச வேண்டா. கேமராவைச் சிறிது உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அலைகள் பெரும்பாலும் மறையும்.

தாளைக் காத்தல்

பழைய வார இதழ்கள் பெரும்பாலும் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மஞ்சளாகும். தாளில் அமிலம் ஏற ஏற அது நொறுங்கும் தன்மை அடையும். இத்தகைய தாளைக் கையாளும்போது, எந்தக் கருவி தாளை மிகக் குறைவாகத் தொடுகிறதோ அதுவே சிறந்த கருவி.

ஸ்கேனர் மிகத் தெளிவான படியைத் தரும். ஒற்றைத் தாளுக்கும் நாட்காட்டிப் படத்திற்கும் அதுவே ஏற்றது. தைத்த தொகுப்பை ஸ்கேனரில் கவிழ்த்து மூடியை அழுத்தினால் தையல் பிரியும். ஆவணக் கேமராவுக்குக் கீழே தொகுப்பை நிமிர்ந்த நிலையில் வைக்கலாம். அதையும் முழுமையாக விரிக்காமல், இரு அட்டைகளுக்கும் அடியில் மடித்த சால்வையோ துண்டோ வைத்து, திறந்த கைகளைப்போல் சற்றுச் சாய்வாக நிற்கச் செய்ய வேண்டும். பக்கம் வளைந்திருக்குமாதலால் கேமராவின் கழுத்து வளைந்து கொடுக்கும் வகையாக இருத்தல் நலம். பக்கம் புரட்டும்போதெல்லாம் கேமரா தானே குவியத்தைத் தேடித் தடுமாறாதபடி, குவியத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் உள்ளதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

பளபளப்பான தாளில் நேர்மேலே விளக்கு இருந்தால், படத்தின் நடுவே வெண்திட்டு விழும். விளக்கைப் பக்கவாட்டில், சாய்வாக வைக்க வேண்டும். வெப்பம் தராத எல்.இ.டி. விளக்கு போதும். காட்டி முடிந்ததும் விளக்கை அணைத்துத் தொகுப்பை மூடிவிட வேண்டும். திரையில் நிறுத்திவைத்த படத்தை வைத்துப் பாடத்தைத் தொடரலாம்.

நம் வகுப்பிற்கு

விருப்பத்தமிழ் வகுப்பிற்குத் தனி அறை அமைவது அரிது. பிற வகுப்பு முடிந்தபின் கிடைக்கும் அறையில் நாம் அமர்கிறோம். கருவியும் தூக்கிச் செல்லத்தக்கதாய், இரண்டு நிமிடத்தில் இணைக்கத்தக்கதாய் இருக்க வேண்டும். அறையில் முன்பே படவீழ்த்தி உண்டெனில் ஆவணக் கேமரா ஒன்று போதும். அதற்கும் பணமில்லையெனில், கைப்பேசியை ஒரு தாங்கியில் கீழ்நோக்கிப் பொருத்தி, கம்பி வழியாகப் படவீழ்த்தியோடு இணைத்தாலும் நடக்கும். எல்லாக் கைப்பேசிகளும் கம்பிவழிப் படம் அனுப்பா, முன்கூட்டியே சோதித்துக்கொள்க. அழைப்பு வரும்போது பாடம் அறுபடாமலிருக்க விமான நிலையில் வைத்துவிடுவதும் நன்று.

நம் வகுப்பு சிறியது என்பதில் ஒரு நன்மை உண்டு. கடைசி வரிசை, திரை அகலத்தின் ஆறு மடங்கு தொலைவுக்குள் இருத்தல் வேண்டும் என்பது பழைய கணக்கு. பதினைந்து பேரும் முன்னே வந்து நெருங்கி அமர்ந்தால் திரையின் அகலம் 2 மீட்டர் வேண்டா. 1 மீட்டரே போதும். பரப்பு கால்பங்காகும், ஒளி நான்கு மடங்காகும். மங்கலான பழைய படவீழ்த்தியும் அப்போது பளிச்சென்று காட்டும். திரைச்சீலை இல்லையெனில் வெள்ளைச் சுவரோ, சுருக்கமின்றிக் கட்டிய வெள்ளை வேட்டியோ திரையாகலாம்.

சொல்லும் பொருளும்

எதிரொளித்தல் – ஒரு பரப்பில் பட்ட ஒளி திரும்புதல்
ஊடுருவுதல் – உட்புகுந்து மறுபுறம் செல்லுதல்
படவீழ்த்தி – படத்தைத் திரையில் விழச்செய்யும் கருவி
குவியம் – ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடித் தெளிவுறும் இடம்
கோட்டோவியம் – கோடுகளால் மட்டும் வரையப்படும் ஓவியம்
ஊதியம் – இங்கு, பயன்

மதிப்பீடு

1. தோற்பாவையும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியமும் ஒளியால் தெரியும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன? அச்சுத்தாள் இவற்றுள் எவ்வகை?

2. 2,400 லூமென் தரும் படவீழ்த்தி ஒன்று 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள திரையில் எத்தனை லக்ஸ் ஒளி தரும்? அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் எவ்வளவு?

3. புள்ளி மறைந்தால் பொருள் மாறும் சொற்களுக்கு 'பல் – பல' ஓர் எடுத்துக்காட்டு. இதுபோல் மேலும் மூன்று இணைகளை எழுதுக.

4. 'படம்' என்னும் சொல்லுக்குச் சித்திரம், துணி, பாம்பின் விரிந்த தலை எனப் பல பொருள்கள் உண்டு. 'திரை' என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள்களைக் கண்டு, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

செயல்பாடு

சென்னையில் திரைப்பட விளம்பரப் பலகை வரைந்த ஓவியர்கள், சிறு புகைப்படத்தின்மேல் கட்டங்கள் வரைந்து, பெரிய துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, கட்டம் கட்டமாகப் படத்தைப் பெரிதாக்கினர். நாட்காட்டிப் படம் ஒன்றை ஒளிநகல் எடுத்து, அந்நகலின்மேல் 1 செ.மீ. கட்டங்கள் வரைக. பின், 5 செ.மீ. கட்டங்கள் உள்ள வரைதாளில் அப்படத்தைப் பெரிதாக்குக. மூலப் படத்தில் கோடு போடலாகாது.

வீட்டிலுள்ள பழைய தமிழ் அச்சுப் படம் ஒன்றை, பெரியோரின் இசைவு பெற்று, அடுத்த வகுப்பிற்குக் கொண்டுவருக. அது எந்த ஊரில், யாரால் வாங்கப்பட்டது, தில்லிக்கு எப்படி வந்தது என்பதைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதி வருக. தாளை மடிக்காமல் இரண்டு அட்டைகளுக்கு இடையில் வைத்து எடுத்துவருக.